தோள் மாற்ற வந்தவர்

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால், பொன்மலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தியோகம் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. குடுமியும் திருமண்ணுமாகத் தயிர்சாதத் தூக்கோடு ரயிலேறிப் போய் வந்துகொண்டிருந்தவன் குத்துச்சண்டை போட்டான் என்றால் என் பேரப்பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். என் வலது தோளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பது கையில் தட்டுப்பட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள்.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது. பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது பல்லக்குத் தண்டைத் தோளில் தாங்குவது எங்கள் குடும்பத்துக் கைங்கர்யம். பெருமாளை ஏளப்பண்ணுவது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது சும்மா தூக்கிக்கொண்டு போகிற வேலை இல்லை. சிங்கத்தின் நடை, பாம்பின் நடை என்றெல்லாம் உண்டு. அத்தனை பேருடைய காலும் ஒன்றாக விழ வேண்டும். பெருமாள் சாத்திக்கொண்டிருக்கும் மாலை அசையலாம், குலுங்கக் கூடாது.

தண்டு தோளில் இருக்கும்போது பேசக் கூடாது. யாருக்காவது மூச்சு வாங்கினாலோ கால் இடறினாலோ, அவர் பக்கத்து ஆளின் முதுகில் கையால் தட்டுவார். உடனே மாற்று ஆள் ஓடி வந்து தண்டுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துவிட்டு, இவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். ‘நான் வாங்கிக்கொண்டேன், நீ விடலாம்’ என்று அர்த்தம். அந்தப் பதில் தட்டு விழுகிற வரையில் தோளை எடுக்கக் கூடாது. உயிரே போனாலும் எடுக்கக் கூடாது. மீசை அரும்பிய நாளிலிருந்து என் உடம்பில் ஊறிப்போன பழக்கம் இது.

குத்துச்சண்டைக்கு நான் வந்தது என் முன்கோபத்தால். பட்டறைக் காலனியில் ஒரு பெரிய ஹால் இருந்தது. வேலை முடிந்த பிறகு ஆங்கிலோ இந்தியப் பையன்களும் பட்டறைத் தொழிலாளிகளும் அங்கே கிளவுஸ் மாட்டிக்கொண்டு பழகுவார்கள். ரயில் வருகிற வரைக்கும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒருவன், “என்னா ஐயரே, ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வராதா? தயிர்சாதம் செரிக்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போய்ச் சேருங்க!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐயர் இல்லை, ஐயங்கார். அந்தக் கோபம் ஒன்று, தயிர்சாதத்தைச் சொன்ன கோபம் ஒன்று. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போனவன் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆனால் எவ்வளவு அடித்தும் நான் விழவில்லை. அங்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ரிட்டையரான ஒரு இன்ஜின் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ ரொம்ப நல்லா அடி வாங்குறே மேன்! ஆனா கீழே விழ மாட்டேங்குறே. இந்தக் கால் எங்கேர்ந்து வந்துச்சு?” என்றார். பல்லக்குத் தூக்குகிற கால் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, நாளைக்கும் வரச் சொன்னார்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. விடிவதற்கு முன்னால் கொள்ளிடத்து மணலில் ஓடுவேன். டிரைவர் முட்டை சாப்பிடச் சொல்லி மன்றாடுவார்; நான் கொண்டைக்கடலையை ஊறவைத்து மென்று தள்ளுவேன். பூணூலைப் பனியனுக்குள் சுருட்டிச் செருகிக்கொள்வேன். வேர்வையில் திருமண் கரைந்து கண்ணில் இறங்கி எரியும் என்பதால் சண்டைக்கு முன்னால் முகத்தைக் கழுவிக்கொண்டு, முடிந்ததும் திரும்ப இட்டுக்கொள்வேன். குடுமியை இறுக முடிந்துகொண்டு நான் ரிங்குக்குள் ஏறினால் ஹாலே சிரிக்கும். இறங்கும்போது அநேகமாகச் சிரிக்க மாட்டார்கள்.

வீட்டுக்குத் தெரியாமல்தான் இத்தனையும். உதடு வீங்கினால் கதவு இடித்தது என்பேன், கன்னம் வீங்கினால் பல்வலி என்பேன். அம்மா பாவம், கிராம்பு வாங்கி வந்து வைப்பாள். ஆனால் ஒரு புறப்பாட்டின்போது அப்பா என்னைப் பார்த்துவிட்டார். தண்டின் முன்வரிசையில் அவர், பின்வரிசையில் நான். என் ஒரு கண் மூடிக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டார், மறைக்க முடியவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “சண்டை போடறியா, நாலு பேரை அடிக்கறியா, அதெல்லாம் உன் இஷ்டம்டா. நீ சம்பாதிக்கறே, உன்னை நான் கட்டிப் போட முடியாது. ஆனா ஒண்ணு. தோள் போச்சுன்னா பெருமாளை ஏளப்பண்ற பாக்யம் போயிடும். அப்பறம் வீதியில நின்னு சேவிக்கற கூட்டத்துல நீயும் ஒருத்தன். அதை யோசிச்சுண்டு பண்ணு” என்றார். நான் யோசிக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் யாருக்குத் தன் தோள் போய்விடும் என்று தோன்றுகிறது? தோள் பெருமாளுக்கு, முஷ்டி எனக்கு. இரண்டும் வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அந்த வருஷம் திருச்சி வட்டாரத்தில் ஜெயிப்பவனை மதராஸ் பந்தயத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மதராஸ், மதராஸ் என்று தூக்கத்தில் பிதற்றியதாக அம்மா சொன்னாள். ஒவ்வொருவராக ஜெயித்து, முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை கடைசிச் சண்டைக்கு வந்துவிட்டேன். எதிராளி மண்ணச்சநல்லூர்க்காரர். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். உறையூரில் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தில் பழகினவராம். என் வயதுதான் இருக்கும். ஒல்லிதான், ஆனால் கழுத்தும் தோளும் உருண்டு திரண்டிருக்கும். ரிங்குக்குள் வந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன். “ஐயரு ஆசீர்வாதம் பண்றாருடோய்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முதல் ரவுண்டில் அவர் என்னைப் பிரித்து மேய்ந்துவிட்டார். இரண்டாவதில் நான் கொஞ்சம் தேறினேன். மூன்றாவது ரவுண்டு தொடங்கியதும் அவர் கை தாழ்ந்துகொண்டே வந்தது. களைப்பு என்று நினைத்தேன். விடியற்காலையிலிருந்து லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு, லீவு கிடைக்காமல், ஒரு வாய் சோறு தின்ன நேரமில்லாமல் அப்படியே ஓடி வந்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தாழ்ந்த கைக்கு மேலே தாடை தெரிந்தது. வலது கையை முழு பலத்தோடு வீசினேன். நான் வாழ்நாளில் அடித்த அடிகளில் அதுதான் சுத்தமான அடி.

அவர் பின்னால் சாயவில்லை. முன்னால், என் மேல் சாய்ந்தார். அவருடைய முகம் என் வலது தோளில் வந்து விழுந்தது. இரண்டு கையும் என் முதுகுப் பக்கம் தொங்கின.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு அடி விலக வேண்டும். விலகினால் அவர் விழுவார், ரெஃபரி எண்ணுவார், நான் மதராஸுக்குப் போவேன். ரிங்கில் நின்ற எவனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் தோளில் பாரம் விழுந்ததும் என் முழங்கால் தானாக மடங்கி, முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் அவரை அணைத்துப் பிடித்துவிட்டேன். நினைவோடு இருக்கிறவன் சாய்ந்தால் தன் கனத்தில் கொஞ்சத்தைத் தானே தாங்கிக்கொள்வான். இவர் மொத்தக் கனமும் என் மேல் இருந்தது. நினைவு தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அவர் முகம் என் தோளில் புதைந்திருந்தது.

ஜனங்களுக்கு நாங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் தெரிந்தது. ஒரே கூச்சல். “என்னா ஐயரே, கல்யாணமா நடக்குது?” என்று ஒருவன். விலகச் சொல்லி ரெஃபரி கத்தினார். நான் விலகவில்லை. வாய் திறந்து ‘இவருக்கு நினைவில்லை, யாராவது வந்து பிடியுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். பல்லுக்கு மாட்டிய ரப்பரைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். பாரம் தோளில் இருந்தால் நான் பேசுகிற ஜாதி இல்லையே! பழக்கம் என்னை என்ன செய்ய வைத்தது தெரியுமா? கிளவுஸ் போட்ட கையால் அவர் முதுகில் தட்டினேன். தட்டினேன், யாரும் வரவில்லை. மறுபடியும் தட்டினேன்.

முதுகில் அடிப்பது குத்துச்சண்டையில் பெரிய குற்றம். எதிராளியைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் அவர் முதுகில் குத்துவதாகத்தான் ரெஃபரிக்குத் தோன்றியது. அவர்மேல் நான் குறை சொல்லவே மாட்டேன். பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். எச்சரித்தார். நான் இன்னும் தட்டிக்கொண்டிருந்தேன். ரெஃபரி கையைக் குறுக்காக வீசி நான் தோற்றுவிட்டதாகச் சைகை காட்டிவிட்டு, என் இடது கையைப் பிடித்து இழுத்தார். பதில் தட்டு விழவில்லை, நான் தோளை எடுக்கவில்லை. ஒரு பக்கம் ரெஃபரி இழுக்க, ஒரு பக்கம் அத்தனை கனமும் அழுத்த, தோளுக்குள் ஏதோ மளுக்கென்றது. இரண்டு பேரும் விழுந்தோம். ரிங்கின் பலகைத் தரை மேல் விழுந்தது என் தோள். மண்ணச்சநல்லூர்க்காரரின் தலை என் நெஞ்சின் மேல் இருந்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. தண்ணீர் கொண்டு வா, காற்று வரட்டும் என்று ஓடினார்கள். டிரைவர் என் வாயிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டு, “ஏன் மேன் விடலை? விட்டிருந்தா ஜெயிச்சிருப்பியே மேன்!” என்று அழுகிற குரலில் கேட்டார். கண்ணைத் திறந்தே இராத அந்த மண்ணச்சநல்லூர்க்காரர் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர், இனி இந்தத் தோளில் பாரம் ஏற்றக் கூடாது, கையை வீசி அடிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவும் கூட இருந்தார். காவிரிப் பாலத்தில் வண்டி போகும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதராஸுக்காக அழவில்லை. சத்தியமாக அந்த நிமிஷம் மதராஸ் ஞாபகமே இல்லை.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நடந்ததை முதல் தடவையாக அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன். தட்டியதையும் சொன்னேன், யாரும் வராததையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அவன் தலை தரையில பட்டுதோ?” என்றார்.

“இல்லேப்பா.”

“அப்போ சரி” என்றார். எழுந்து போய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டு வந்து என் தோளில் தடவ ஆரம்பித்தார். தடவிக்கொண்டே இருந்தவரின் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டிலிருந்து சொன்னார்கள். வெளியே போய்ப் பார்த்தால் அவர். வீட்டு வாசல் வரைக்கும் வராமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் துணியில் சுற்றிய வெள்ளிக் கோப்பை. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! “என்ன, ஜெயிச்ச கப்பைக் காட்டிட்டுப் போக வந்தீங்களா?” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இது உங்களுதுங்க சாமி. அதைக் குடுத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்” என்றார்.

“எனக்கு வேண்டாம். சாமி கீமியும் வேண்டாம்.”

அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எங்க அண்ணனும் மில்லுலதாங்க இருந்தாரு. பலகை மேல மூட்டையோட ஏறுறப்போ மயக்கம் வந்து சாஞ்சிட்டாரு. பக்கத்துல நின்ன ரெண்டு பேரு பாய்ஞ்சு கையை நீட்டுனாங்க. மூட்டையைப் புடிச்சிட்டாங்க. அண்ணன் கல்லு மேல விழுந்து போய்ச் சேந்துட்டாரு. அவங்களையும் தப்புச் சொல்ல முடியாதுங்க. மூட்டை விழுந்தாப் புடிக்கணும்னே பழகின கையி.” என் தோளைப் பார்த்துக்கொண்டே, “நான் விழுந்தப்போ நீங்க என்னைப் புடிச்சீங்க” என்றார்.

கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கோயில் மதில் நிழலில் நின்றோம். அவர், “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நெனவு தப்பிப் போற நேரத்துல யாரோ முதுகுல தட்டுறாப்ல இருந்திச்சு. அம்மா தூங்க வைக்கிறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். நீங்களாங்க தட்டினது? எதுக்குங்க?” என்று கேட்டார். பல்லக்கு விஷயத்தைச் சொன்னேன். தட்டினால் மாற்று ஆள் வருவதையும், ‘நான் வாங்கிக்கொண்டேன், நீ விடலாம்’ என்று அவர் பதிலுக்குத் தட்டினால்தான் நாங்கள் தோளை எடுப்போம் என்பதையும் சொன்னேன். இனி சித்திரைத் திருநாளில் உத்திர வீதிக் கூட்டத்தோடு நின்றுதான் சேவிக்க வேண்டும் என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். தான் மதராஸுக்குப் போகப் போவதில்லை என்றார். “போகாம இருந்தா உங்களை நானே அடிப்பேன். போங்க. ஆனா இந்தத் தடவை வயிறாரச் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க!” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையை அவரே எடுத்துக்கொண்டு போனார். மதராஸில் முதல் சண்டையிலேயே தோற்றுவிட்டுத் திரும்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சித்திரைத் திருநாள் வந்தது. என் இடத்தில் சித்தப்பா பிள்ளை தோள் கொடுத்தான். நான் உத்திர வீதியில் ஜனங்களோடு நின்றேன். அப்பா சொன்ன அதே கூட்டம், அதில் நானும் ஒருத்தன். நாதஸ்வரம் கேட்டது. தூரத்தில் குடை தெரிந்தது. பெருமாள் வீதி முனை திரும்பி வருகிறார், மாலை அசைகிறது, அப்பாவின் கால் தெரிகிறது. என்னை அறியாமல் என் காலும் அந்த நடைக்கு நகர்ந்தது. தோளில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத தோளில் அப்படி ஒரு வலி. எல்லோரும் கை கூப்பிச் சேவித்துக்கொண்டிருக்க, நான் நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல், சின்னக் குழந்தைபோல் விக்கி விக்கி அழுதேன்.

என் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

திரும்பினேன். மண்ணச்சநல்லூர்க்காரர். வெளுத்த வேட்டி கட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் நின்றிருந்தார். அன்றைக்கு நான் எங்கே நிற்பேன், எப்படி நிற்பேன் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். நாதஸ்வரச் சத்தத்தில் என் காதருகே குனிந்து, “நான் வாங்கிக்கிட்டேங்க. நீங்க விடலாம்” என்றார்.

பல்லக்கு எங்களைக் கடந்து போயிற்று. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரைக்கும் ஒவ்வொரு சித்திரைக்கும் மண்ணச்சநல்லூரிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். நான் மறுபடி கிளவுஸைத் தொடவில்லை, தண்டையும் தொடவில்லை. மழைக்காலத்தில் தோள் இன்றைக்கும் குடைகிறது. எதற்காக விடாமல் பிடித்தேன் என்று ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. பொன்மலையில் நான் தட்டிய தட்டுக்கு உத்திர வீதியில் பதில் வந்துவிட்டது, அதன் பிறகுதான் அவரை நான் தோளிலிருந்து இறக்கினேன்.